ஃபயரிங் ஆர்டர்: எண்களை மனப்பாடம் செய்யாமல் கிராங்கிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி

எஞ்சினின் சிலிண்டர்கள் எந்த வரிசையில் எரிபொருளை எரிக்கின்றன, அதாவது ஃபயர் ஆகின்றன, என்பதே ஃபயரிங் ஆர்டர். 1-3-4-2 என்று தெரிந்தால் போதும், பிளக் ஒயர் மாட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அந்த எண்களோடு இன்னும் மூன்று விவரங்கள் வேண்டும். ஒன்றாம் சிலிண்டர் எந்த முனையில் இருக்கிறது? எஞ்சினும் டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டாரும் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பகிரும் சுழலும் பாகம்) எந்தப் பக்கம் சுற்றுகின்றன? ஒரு சிலிண்டர் ஃபயர் ஆனபின் அடுத்தது ஃபயர் ஆகும்வரை கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எத்தனை டிகிரி திரும்புகிறது? இவை தெரியாமல் மாட்டினால் சரியான எண்களே தவறான வேலையில் முடியும். இவை தெரிந்துவிட்டாலோ, புத்தகம் இல்லாமலேயே பெரும்பாலான எஞ்சின்களின் வரிசையைக் கண்டுபிடித்துவிடலாம்.

கணக்கு எளிது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் தன் வேலையை ஒருமுறை முடிக்க கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்ற வேண்டும். அதைச் சிலிண்டர் எண்ணிக்கையால் வகுத்தால் இடைவெளி வந்துவிடும்: 3 சிலிண்டருக்கு 240, 4க்கு 180, 5க்கு 144, 6க்கு 120, 8க்கு 90, 12க்கு 60 டிகிரி. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரே சுற்றில் வேலை முடிவதால் 360ஐ வகுக்க வேண்டும். ஒரு பவர் ஸ்ட்ரோக் (எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும் கட்டம்) 180 டிகிரிக்கு மேல் நீளாது. அதனால்தான் மூன்று சிலிண்டர் எஞ்சினில் நடுவே யாருமே தள்ளாத இடைவெளி ஒன்று உண்டு. ஐந்து சிலிண்டரோ அதற்கு மேலோ இருந்தால், ஒருவர் தள்ளி முடிக்கும் முன்பே அடுத்தவர் தள்ளத் தொடங்கிவிடுவார்.

நேர்வரிசை எஞ்சின்கள்

நான்கு சிலிண்டர் கிராங்கைப் பக்கவாட்டில் பாருங்கள். 1ம் 4ம் சேர்ந்து மேலே வரும்போது 2ம் 3ம் சேர்ந்து கீழே இருக்கும். 1 ஃபயர் ஆகும் நேரத்தில் 4ம் மேலேதான் இருக்கிறது, ஆனால் அது எக்ஸாஸ்ட் (புகை வெளியேற்றம்) முடிந்து இன்லெட் (காற்று உள்ளிழுப்பு) தொடங்கும் கட்டத்தில் இருக்கும். 180 டிகிரி கழித்து மேலே வருவது 2, 3 ஜோடி. அவற்றில் எது ஃபயர் ஆக வேண்டும் என்பதை, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் முடிவு செய்கிறது. 3 என்றால் வரிசை 1-3-4-2, 2 என்றால் 1-2-4-3. மூன்றாவது வழியே கிடையாது. இன்றைய எஞ்சின்களில் மிகப் பெரும்பாலானவை முதல் வகை. 1-2-4-3 பழைய ஃபோர்டு கென்ட் போன்ற சில எஞ்சின்களில் உண்டு. இரண்டிலுமே பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் அடுத்தடுத்து ஃபயர் ஆவதைத் தவிர்க்க முடியாது.

ஆறு சிலிண்டரில் அதைத் தவிர்க்க முடிகிறது. 1-6, 2-5, 3-4 என்று மூன்று ஜோடிகள், ஒவ்வொன்றும் 120 டிகிரி தள்ளி. 1க்குப் பிறகு 2-5 ஜோடி மேலே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று, பிறகு 3-4 ஜோடியில் ஒன்று, பிறகு 6, அதன்பின் விட்டுப்போனவை அதே முறையில். ஆக ஒரே கிராங்கில் நான்கு வரிசைகள் சாத்தியம்: 1-5-3-6-2-4, 1-5-4-6-2-3, 1-2-3-6-5-4, 1-2-4-6-5-3. இரண்டாவதில் 5ம் 4ம், 2ம் 3ம் அண்டை வீட்டுக்காரர்கள். மூன்றாவதிலும் நான்காவதிலும் 1ம் 2ம் ஒட்டியே ஃபயர் ஆகின்றன. முதல் வரிசையில் மட்டும் எந்த இரண்டு அண்டைச் சிலிண்டர்களும் அடுத்தடுத்து வருவதில்லை. இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவில் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் அடுத்தடுத்து அடி வாங்காது. 1-5-3-6-2-4 உலகெங்கும் நிலைபெற்றதற்கு இதுவே முக்கியக் காரணம். 3-4 ஜோடி முதலில் வருமாறு கிராங்கை எதிர்க்கையாகச் செய்தால் அதே குணம் 1-4-2-6-3-5 வரிசையில் கிடைக்கும்.

இந்த வரிசையில் இன்னொரு நன்மையும் உண்டு. முன் மூன்றும் பின் மூன்றும் மாறிமாறி ஃபயர் ஆகின்றன. 1, 2, 3க்கு ஒரு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் 4, 5, 6க்கு இன்னொன்றும் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் 240 டிகிரிக்கு ஒருமுறைதான் புகை வரும், ஒன்றையொன்று இடிக்காது. இரட்டை வாய் டர்போவுக்கு இப்படித்தான் பிரிக்கிறார்கள். நான்கு சிலிண்டரில் அதே வேலைக்கு 1ஐயும் 4ஐயும், 2ஐயும் 3ஐயும் சேர்க்க வேண்டும். 1, 2 ஒரு பக்கம், 3, 4 ஒரு பக்கம் என்று சேர்த்தால் பயனில்லை.

மூன்று சிலிண்டரில் 1-3-2 அல்லது 1-2-3. கிராங்க் எந்தக் கைப்பக்கம் முறுக்கப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்தது.

ஐந்து சிலிண்டரில் ஜோடிகளே இல்லை. அதனால் ஃபயரிங் ஆர்டரைத் தேர்ந்தெடுத்தவுடன் கிராங்கின் வடிவமும் முடிவாகிவிடுகிறது. அண்டைச் சிலிண்டர்களைத் தவிர்க்கத்தான் வேண்டும் என்றால் 1-3-5-2-4 எடுக்கலாம். ஆனால் அந்தக் கிராங்க் எஞ்சினை முன்னும் பின்னுமாக ஆட்டும் விசை, 1-2-4-5-3 வரிசையின் கிராங்கைவிட 9 மடங்குக்கு மேல் வருகிறது. அதனால் பேரிங் சுமையைப் பொறுத்துக்கொண்டு 1-2-4-5-3 எடுத்தார்கள். ஆடி, வோல்வோ, மெர்சிடிஸ் ஐந்து சிலிண்டர்கள் எல்லாமே இதுதான்.

வி எஞ்சின்கள்: குழப்பம் எண்ணிடுதலில்தான்

வி எஞ்சின்களில் தவறு நடப்பது பெரும்பாலும் வரிசையால் அல்ல, எண்ணிடும் முறையால். ஷெவர்லே வி8இல் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க இடது பக்கம் 1, 3, 5, 7. வலது பக்கம் 2, 4, 6, 8. ஃபோர்டு வி8இல் வலது பக்கம் 1 முதல் 4 வரை, இடது பக்கம் 5 முதல் 8 வரை. இரண்டு நிறுவனங்களின் வரிசைகளையும் பக்கத்தில் வைத்தால் ஒட்டே இல்லாதது போலத் தோன்றும்:

ஷெவர்லே ஸ்மால் பிளாக்: 1-8-4-3-6-5-7-2
ஷெவர்லே எல்எஸ்: 1-8-7-2-6-5-4-3
ஃபோர்டு 302 பழையது: 1-5-4-2-6-3-7-8
ஃபோர்டு 351 வின்ட்சர்: 1-3-7-2-6-5-4-8

இப்போது ஃபோர்டு எண்களை அந்தந்தச் சிலிண்டர் இருக்கும் இடத்தில் ஷெவர்லே எண்ணாக மாற்றி எழுதிப் பாருங்கள். பழைய 302 அப்படியே ஸ்மால் பிளாக் வரிசை ஆகிவிடும். 351 வின்ட்சர் அப்படியே எல்எஸ் வரிசை. ஃபயரிங் ஒன்றுதான், எண்கள்தான் வேறு. வி6இலும் இதே கதை. ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என்று எண்ணிய எஞ்சினின் 1-2-3-4-5-6ம், ஒரு பக்கம் 1-2-3, மறுபக்கம் 4-5-6 என்று எண்ணிய எஞ்சினின் 1-4-2-5-3-6ம் ஒரே ஃபயரிங்தான். ஆகவே வி எஞ்சினில் கைவைக்கும் முன் ஒரு காகிதத்தில் ஒவ்வொரு சிலிண்டரையும் அது இருக்கும் இடத்தில் ஒரு வட்டமாக வரைந்து எண் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை, அரை நாள் மிச்சம்.

மேலே சொன்ன வி8 எல்லாமே கிராஸ் பிளேன் கிராங்க். முன்னாலிருந்து பார்த்தால் பின்கள் (பிஸ்டன்களின் இணைப்புத் தண்டுகள் மாட்டும் முளைகள்) 90 டிகிரி தள்ளித் தள்ளி சிலுவை போலத் தெரியும். ஸ்மால் பிளாக் வரிசையை இடது, வலது என்று எழுதினால் இ-வ-வ-இ-வ-இ-இ-வ. 8க்குப் பின் 4, 5க்குப் பின் 7 என்று ஒரே பக்கத்தில் இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. அமெரிக்க வி8இன் அந்தக் குமுறும் ஒலி இதிலிருந்துதான் வருகிறது. ஃபெராரி வி8இன் ஃபிளாட் பிளேன் கிராங்கில் 1-5-3-7-4-8-2-6. ஒரு பக்கம் 1 முதல் 4, மறுபக்கம் 5 முதல் 8 என்பதால் பக்கங்கள் தவறாமல் மாறிமாறி வருகின்றன. எக்ஸாஸ்ட் ஒழுங்காக ஓடும், ஆனால் அதிர்வு கூடும்.

90 டிகிரி வி6க்குத் தனிச் சிக்கல் ஒன்று. எதிரெதிர் பிஸ்டன்கள் ஒரே பின்னில் மாட்டினால் இடைவெளி 120க்குப் பதில் 90, 150 என்று நொண்டும். ப்யூக் வி6 முதலில் அப்படித்தான் ஓடியது. 1977இல் பின்னை 30 டிகிரி பிளந்து வைத்துச் சமன் செய்தார்கள். இந்த இரண்டு வகைகளின் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றி மாட்டினால் எஞ்சின் ஒருபோதும் சீராக ஓடாது, டைமிங் எவ்வளவு திருப்பினாலும்.

எதிரெதிர் படுத்தவை, நட்சத்திர வடிவம், பைக், கப்பல்

சுபாரு நான்கு சிலிண்டர் பாக்ஸரில் 1-3-2-4. ஃபோக்ஸ்வாகன் ஏர்கூல்டு பாக்ஸரில் 1-4-3-2. இங்கேயும் எண்ணிடுதல்தான் வேறு: சுபாருவில் 1, 3 ஒரு பக்கம், ஃபோக்ஸ்வாகனில் 1, 2 ஒரு பக்கம். போர்ஷே 911இன் ஆறு சிலிண்டரில் 1-6-2-4-3-5.

விமானங்களின் ரேடியல் எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கின்றன. ஒன்பது சிலிண்டருக்கு இடைவெளி 80 டிகிரி, ஆனால் சிலிண்டர்கள் 40 டிகிரிக்கு ஒன்றாக இருக்கின்றன. ஆகவே ஒன்றை விட்டு ஒன்று: 1-3-5-7-9-2-4-6-8. ஒரு வட்டத்தில் இரட்டைப்படை எண்ணிக்கை வைத்தால் இரண்டாம் சுற்றில் விட்டவை வராது, அதனால்தான் எப்போதும் ஒற்றைப்படை. பதினான்கு சிலிண்டர் இரட்டை வரிசைக்கு (ஏழு ஏழாக) ஒரு வாய்ப்பாடு உண்டு: 9 கூட்டு, 14ஐத் தாண்டுமானால் கூட்டாமல் 5 கழி. 1-10-5-14-9-4-13-8-3-12-7-2-11-6 வந்துவிடும்.

இரண்டு சிலிண்டர் பைக்குகளில் வரிசை என்று சொல்ல எதுவும் இல்லை, இடைவெளிதான் எல்லாம். 360 டிகிரி கிராங்கில் 360-360. 180 டிகிரி கிராங்கில் 180-540. 270 டிகிரி கிராங்கில் 270-450, இது 90 டிகிரி வி ட்வின் போலவே ஒலிக்கும். ஒரே பின் உள்ள 45 டிகிரி வி ட்வினில் 315-405. நான்கு சிலிண்டரில் இந்த விளையாட்டை 2009 யமஹா ஆர்1 செய்தது: வரிசை 1-3-2-4, இடைவெளி 270-180-90-180.

கப்பல்களின் ஆறு சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக் டீசலில் 1-5-3-4-2-6 பரவலான வரிசை, 60 டிகிரிக்கு ஒன்று. இவற்றை நேரடியாகப் பின்னோக்கிச் சுற்றவைத்துக் கப்பலைப் பின்னே செலுத்துவார்கள். அப்போது வரிசை தலைகீழாகி 1-6-2-4-3-5 ஆகும்.

அறியாத எஞ்சினில் வரிசையைக் கண்டுபிடித்தல்

முதலில் 1 எங்கே என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் புல்லி, பெல்ட் இருக்கும் முனை முன்பக்கம், 1 அங்கே. குறுக்காக மாட்டிய எஞ்சினில் அந்த முன்பக்கம் காரின் பக்கவாட்டில் இருக்கும். ரெனோ, பெஷோ எஞ்சின்கள் பலவற்றில் 1 ஃப்ளைவீல் பக்கம். வி எஞ்சினில் இரு பக்கங்களில் ஒன்று சற்று முன்னால் தள்ளி நிற்கும். 1 பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருக்கும். வரிசை பல எஞ்சின்களில் இன்டேக் மேனிஃபோல்டிலோ வால்வு கவரிலோ வார்த்திருக்கும்.

எழுத்து எதுவும் இல்லையா? வால்வு கவரைக் கழற்றுங்கள். இன்லெட் மேனிஃபோல்டின் வாய்களுக்கு நேராக இருப்பவை இன்லெட் வால்வுகள். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்புங்கள். இன்லெட் வால்வுகள் எந்த வரிசையில் திறக்கத் தொடங்குகின்றனவோ அதுவே ஃபயரிங் ஆர்டர். இரண்டு சுற்று திருப்பி, எழுதியதை மறுபடி சரிபாருங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் வரிசை தலைகீழாக வரும், கவனம்.

1ஐ கம்ப்ரஷன் டி.டி.சி.யில் நிறுத்துதல்

டி.டி.சி. என்றால் பிஸ்டன் உச்சியைத் தொடும் நிலை. அதைக் காட்டும் புல்லி மார்க் மட்டும் போதாது, ஏனெனில் அது ஒவ்வொரு சுற்றிலும் நேராக வரும், ஆனால் கம்ப்ரஷன் ஒன்று விட்டு ஒரு சுற்றில்தான். 1ஆம் பிளக் துளையை விரலால் அடைத்துக்கொண்டு திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளத் தொடங்கிய பின் மார்க் நேராக வரும்வரை திருப்பி நிறுத்துங்கள். உறுதி செய்ய ஜோடிச் சிலிண்டரைப் பாருங்கள்: நான்கில் 4, ஆறில் 6. எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும் இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் நெம்புகள்) ஒன்றுக்கொன்று ஊஞ்சல் போல ஆடினால் சரி. 1இன் வால்வுகள் ஆடினால் ஒரு முழுச் சுற்று தள்ளி நிற்கிறீர்கள்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டார் எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். அதற்கு நேர் மேலே உள்ள குழல் 1. ரோட்டார் சுற்றும் திசையைச் சிறிது கிராங்க் செய்து கண்ணால் உறுதிசெய்துவிட்டு, அந்தத் திசையிலேயே மீதி ஒயர்களை வரிசைப்படி மாட்டுங்கள். ரோட்டார் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும் என்பதால் மார்க்கை மட்டும் நம்பி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினால் 180 டிகிரி தவறிப்போகும். அப்போது எக்ஸாஸ்ட் முடியும் நேரத்தில் ஸ்பார்க் வந்து, கார்புரேட்டர் வழியே தும்மும், ஸ்டார்ட் ஆகாது. டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி ரோட்டாரை அரைச் சுற்று திருப்பி இறக்கினால் தீர்ந்தது.

டீசலில் நீள வடிவ பம்ப் என்றால் வரிசை பம்பின் கேமிலேயே இருக்கிறது. பம்பின் முதல் வாயை முதல் சிலிண்டருக்கு, இரண்டாவதை இரண்டாவதற்கு என்று நேராகவே பைப் போட வேண்டும். வட்ட வடிவ பம்ப் அப்படியல்ல. பாஷ் விஇ பம்பின் தலையில் ஏ, பி, சி, டி என்று குறித்திருப்பது ஃபயரிங் வரிசை. 1-3-4-2 எஞ்சினில் ஏ 1க்கு, பி 3க்கு, சி 4க்கு, டி 2க்கு. பைப் மாறிப்போனால் வெள்ளைப் புகையும் கடும் தட்டல் ஓசையும் வரும்.

டேப்பட் செட்டிங்கை இரண்டே நிறுத்தத்தில் முடித்தல்

டேப்பட் செட்டிங் என்பது வால்வு முழுதாக மூடியிருக்கும்போது ராக்கரில் இருக்க வேண்டிய சிறு இடைவெளியைச் சரிசெய்வது. ஃபயரிங் ஆர்டர் தெரிந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் கிராங்கைத் திருப்ப வேண்டியதில்லை. 1 கம்ப்ரஷன் டி.டி.சி.யில் நிற்கும்போது 1இன் இரண்டு வால்வுகளையும் செட் செய்யலாம். வரிசையில் 1க்கு அடுத்து வருபவை இன்னும் ஃபயர் ஆகவில்லை, அவற்றின் எக்ஸாஸ்ட் வால்வு தளர்ந்திருக்கும். 1க்கு முன் ஃபயர் ஆனவற்றின் இன்லெட் தளர்ந்திருக்கும். ஜோடிச் சிலிண்டரைத் தொடக்கூடாது.

1-3-4-2இல் முதல் நிறுத்தத்தில்: 1 இன்லெட், 1 எக்ஸாஸ்ட், 3 எக்ஸாஸ்ட், 2 இன்லெட். ஒரு முழுச் சுற்று திருப்பி 4ஐ கம்ப்ரஷனில் நிறுத்தி மீதி நான்கு.

1-5-3-6-2-4இல் முதல் நிறுத்தத்தில்: 1 இன்லெட், 1 எக்ஸாஸ்ட், 2 இன்லெட், 3 எக்ஸாஸ்ட், 4 இன்லெட், 5 எக்ஸாஸ்ட். ஒரு சுற்று கழித்து 6இல் நிறுத்தி மீதி ஆறு.

செட் செய்த ராக்கரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஃபீலர் கேஜ் அளவும் சூட்டிலா குளிர்ச்சியிலா என்பதும் அந்தந்த எஞ்சினுக்குரிய புத்தகத்தில் உள்ளதே. மூன்று, ஐந்து சிலிண்டர்களில் ஜோடி இல்லாததால் இந்தக் குறுக்குவழி அப்படியே ஒத்துவராது. வரிசைப்படி 240 அல்லது 144 டிகிரி திருப்பி ஒவ்வொன்றாகச் செய்வதே பாதுகாப்பு.

மிஸ் அடிக்கும் இரண்டு சிலிண்டர்கள் சொல்லும் செய்தி

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பிளக், இன்ஜெக்டர், வால்வு என்று தேடலாம். இரண்டு சிலிண்டர் என்றால் அவை எந்த இரண்டு என்பதே பாதி விடை.

ஜோடிச் சிலிண்டர்கள் (நான்கில் 1ம் 4ம், அல்லது 2ம் 3ம்) ஒன்றாகப் போனால் அவற்றுக்குப் பொதுவான இக்னிஷன் காயிலின் (ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மேல் சந்தேகம் கொள்ளுங்கள். வேஸ்ட் ஸ்பார்க் அமைப்பில் ஒரே காயில் அந்த இரண்டுக்கும் சேர்த்து ஸ்பார்க் தருகிறது. அதே காயிலின் இரண்டு ஒயர்களை மாற்றி மாட்டினால் எஞ்சினுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் 1இன் ஒயரை 2க்கு மாற்றினால் உடனே குலுங்கும்.

வரிசையில் அடுத்தடுத்து வருபவை ஒன்றாகக் கெட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் குழல்கள் வரிசையில் அடுத்தடுத்தவைதான். நடுவில் முடிபோன்ற கரிக்கோடு ஓடினால் மின்சாரம் அதன் வழியே தாவுகிறது. ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில் 5ம் 7ம் வரிசையிலும் அடுத்தடுத்து, இடத்திலும் பக்கத்துப் பக்கம். இவற்றின் ஒயர்களை ஒட்டி இணையாக ஓடவிட்டால் 5க்குப் போகும் மின்சாரம் 7இலும் ஸ்பார்க்கைத் தூண்டும். அங்கே கம்ப்ரஷன் நடந்துகொண்டிருப்பதால் முன்கூட்டியே எரிந்து பிஸ்டன் அடி வாங்கும். ஒயர்களைப் பிரித்து ஓட்டுங்கள், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கவிடுங்கள்.

இடத்தில் மட்டும் பக்கத்தில் இருப்பவை ஒன்றாகப் போனால் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். இரண்டிலும் அளவு குறைந்திருந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கேனரில் பி0301 முதல் வரும் மிஸ்ஃபயர் குறியீடுகளில் கடைசி இலக்கம் சிலிண்டர் எண், வரிசையில் உள்ள இடம் அல்ல. பி0303 என்றால் மூன்றாம் சிலிண்டர். மூன்றாவதாக ஃபயர் ஆவது அல்ல. 1-3-4-2இல் மூன்றாவதாக ஃபயர் ஆவது 4. இந்தக் குழப்பத்தில் நல்ல காயிலைக் கழற்றி மாற்றிவிட்டு, கெட்டது உள்ளேயே இருக்க விட்டுவிடுவார்கள்.

எந்தச் சிலிண்டர் செத்திருக்கிறது என்று பார்க்க, மின்னணு இக்னிஷன் உள்ள எஞ்சினில் ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்க வேண்டாம். போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலைக் கெடுக்கும். இன்ஜெக்டர் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அதுதான் செத்தது. பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசலில் ஐடிலில் நாசில் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி இதையே செய்யலாம். காமன் ரெயில் டீசலில் மட்டும் ஓடும்போது நட்டைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே 1,500 பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கலாம்; பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.